போட்ட சாலை, காத்த சாலை



உலக வங்கியைச் சேர்ந்த சேசர் கெய்ரோஸ், சுர்ஹித் கௌதம் என்னும் இரு ஆய்வாளர்கள் 1992இல் 98 நாடுகளின் சாலைக் கணக்குகளைத் திரட்டி ஓர் அறிக்கை எழுதினார்கள். பத்து லட்சம் மக்களுக்கு எத்தனை கிலோமீட்டர் தளமிட்ட சாலை, அதாவது தாரோ கான்கிரீட்டோ போட்ட சாலை, இருக்கிறது என்பதுதான் அவர்கள் எடுத்துக்கொண்ட அளவு. ஏழை நாடுகளில் சராசரியாக 170 கிலோமீட்டர். நடுத்தர வருமான நாடுகளில் 1,660. பணக்கார நாடுகளில் 10,110. உச்சிக்கும் அடிக்கும் இடையே 59 மடங்கு.

சாலையும் செல்வமும் சேர்ந்தே வளர்கின்றன என்பதற்குச் சான்றாக இந்த மூன்று எண்களைச் சொல்லிவிடலாம். அதே அறிக்கையில் இன்னும் மூன்று எண்கள் இருக்கின்றன. அந்தச் சாலைகளில் நல்ல நிலையில் உள்ளவை எத்தனை என்ற கணக்கு அது. ஏழை நாடுகளில் 40 கிலோமீட்டர், நடுத்தர நாடுகளில் 470, பணக்கார நாடுகளில் 8,550. ஏழை நாடு ஒன்று கடன்பட்டுப் போட்ட சாலையில் நான்கில் ஒரு பங்குதான் ஒழுங்காக இருந்தது. பணக்கார நாட்டிலோ நூற்றுக்கு எண்பத்தைந்து. 59 மடங்கு இடைவெளி இந்தக் கணக்கில் 213 மடங்காகிறது.

என் பேச்சு இந்த இரண்டாவது வரிசை எண்களை நோக்கியே போகும். அதற்கு முன் தீர்த்துக்கொள்ள வேண்டிய ஒரு வழக்கு உண்டு. சாலை வந்ததால் செல்வம் வந்ததா, செல்வம் வந்ததால் சாலை வந்ததா?

இது மாணவர்கள் நினைப்பதைவிடக் கடினமான கேள்வி. அரசாங்கம் கண்ணை மூடிக்கொண்டு சாலை போடுவதில்லை. தொழில் வளரும் என்று தோன்றும் ஊர்களுக்கு நடுவில்தான் போடுகிறது. பத்து வருடம் கழித்து அங்கே தொழில் வளர்ந்திருந்தால் பெருமை சாலைக்குப் போய்ச் சேர்கிறது. சாலை இல்லாமலே அது வளர்ந்திருக்குமோ என்று கேட்க யாரும் மீதமிருப்பதில்லை. 1989இல் டேவிட் அஷாவர் என்ற பொருளியலாளர், அமெரிக்காவின் உற்பத்தித் திறன் குன்றியதற்குப் பொதுக் கட்டமைப்பில் முதலீடு குறைந்ததே பெரிய காரணம் என்று எழுதியபோது பலர் அவரை நோக்கி வீசிய கேள்வி இதுதான்.

பத்து வருடம் கழித்து ஜான் ஃபெர்னால்ட் என்ற பொருளியலாளர் அழகான வழி ஒன்றைக் கண்டுபிடித்தார். சாலை உண்மையிலேயே உற்பத்தியைக் கூட்டுகிறது என்றால், லாரியையும் வேனையும் அதிகம் நம்பியிருக்கும் தொழில்கள் மற்றத் தொழில்களைவிடக் கூடுதலாகப் பயன் பெற்றிருக்க வேண்டும் அல்லவா? அமெரிக்கப் புள்ளிவிவரங்களைத் தொழில்வாரியாகப் பிரித்துப் பார்த்தார். அப்படித்தான் இருந்தது. சாலை பெருகிய ஆண்டுகளில் வண்டி மிகுதியாகப் பயன்படும் தொழில்களின் திறன் கூடுதலாக உயர்ந்திருந்தது. 1956ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழ் 41,000 மைல் நீளத்துக்குத் திட்டமிடப்பட்ட மாநிலங்களிடை நெடுஞ்சாலை வலை அமெரிக்கப் பொருளாதாரத்தை நிஜமாகவே தூக்கிவிட்டிருக்கிறது.

ஆனால் ஃபெர்னால்ட் அங்கே நிற்கவில்லை. அந்த ஏற்றம் ஒரு தடவைதான் கிடைத்தது என்றும் காட்டினார். வலையின் பெரும்பகுதி முடிந்த 1973ஐ ஒட்டி அந்தக் கூடுதல் பயன் மறைந்துபோகிறது. நாடு முழுவதையும் இணைக்கும் முதல் வலை தரும் பலன் வேறு. அதன் பக்கத்திலேயே இரண்டாவது வலை ஒன்று போட்டால் கிடைக்கும் பலன் வேறு. ஒரு காலத்தில் ஒரு நாட்டில் கண்ட லாபத்தை எடுத்துக்கொண்டு, இனிப் போடும் ஒவ்வொரு கிலோமீட்டருக்கும் அதே லாபம் வரும் என்று கணக்குப் போடுவது தவறு. திட்ட அறிக்கைகளில் இந்தத் தவற்றை அடிக்கடி பார்க்கிறேன்.

இனி தென் கொரியாவுக்கு வருகிறேன். சாலையும் வளர்ச்சியும் கைகோத்த கதையை இவ்வளவு தெளிவாகக் காட்டும் நாடு வேறில்லை என்பது என் கருத்து.

1960களின் தொடக்கத்தில் கொரியரின் தனிநபர் வருமானம் கானா நாட்டாரின் வருமானத்தை ஒட்டியே இருந்தது. அந்தப் பத்தாண்டின் இறுதியில்கூட நாட்டின் சாலைகளில் தளமிட்டவை சுமார் பத்தில் ஒரு பங்குதான். ஓடிய மோட்டார் வாகனங்கள் ஒரு லட்சத்தை ஒட்டி. அந்த நிலையில் 1968 பிப்ரவரியில், சியோலிலிருந்து பூசான் துறைமுகம் வரை 428 கிலோமீட்டருக்கு ஒரு விரைவுச்சாலை போடும் வேலையை அதிபர் பார்க் சுங் ஹீ தொடங்கினார். அதே தடத்தில் 1905 முதல் ரயில் ஓடிக்கொண்டிருந்தது. வண்டியே இல்லாத நாட்டுக்கு நான்குவழிச் சாலை எதற்கு என்று எதிர்க்கட்சியினர் கேட்டார்கள். நியாயமான கேள்விதான். சாலை 1970 ஜூலை 7ஆம் தேதி திறக்கப்பட்டது. இரண்டரை ஆண்டுக்குள் முடிந்த வேலை. அதற்காக 77 பேர் உயிர் விட்டார்கள். அவர்கள் நினைவுக்கு அந்தச் சாலையோரத்திலேயே ஒரு தூண் நிற்கிறது. வேகத்தைப் புகழ்கிறவர்கள் அந்த எண்ணையும் சேர்த்தே சொல்ல வேண்டும்.

சுமார் பதினைந்து மணி நேரம் பிடித்த பயணம் ஐந்து மணி நேரத்துக்குள் அடங்கியது. அது மட்டும் பெரிய செய்தி இல்லை. அதே ஆண்டுகளில் அந்தத் தடத்தையொட்டி வேறு என்னென்ன நடந்தன என்று பாருங்கள். குமியில் மின்னணுத் தொழிற்பேட்டை உருவானது. உல்சானில் தொழிற்சாலைகள் பெருகின. போஹாங்கில் இரும்பாலைக்கு 1970இல் அடிக்கல் நாட்டி 1973இல் உற்பத்தி தொடங்கினார்கள். ஏற்றுமதிக்குச் சரக்கு இருந்தது, கப்பல் ஏற்றத் துறைமுகம் இருந்தது, இரண்டுக்கும் நடுவில் விட்டுப்போயிருந்த கண்ணியாகச் சாலை வந்து பொருந்தியது. தனியாக நின்றிருந்தால் அந்தச் சாலை, கேள்வி கேட்டவர்கள் பயந்தபடி, வெறும் கடனாகத்தான் முடிந்திருக்கும்.

அந்தச் சாலையில் ஏறக்குறைய ஐந்தில் இரண்டு பங்கைக் கட்டியது ஹூண்டாய் கட்டுமான நிறுவனம். விரைவுச்சாலை போடத் தெரிந்த கை அன்றைய கொரியாவில் குறைவு. ஹூண்டாய் அந்த வேலையைத் தாய்லாந்தில், 1965இல் கிடைத்த பட்டாணி - நாராதிவாத் நெடுஞ்சாலை ஒப்பந்தத்தில், நஷ்டப்பட்டுக் கற்றிருந்தது. சொந்த நாட்டில் அந்தப் படிப்பு பலித்தது. 1967இல் அதே குழுமம் கார் நிறுவனத்தைத் தொடங்கியது. 1975இல் போனி என்ற தன் முதல் சொந்த மாடலை வெளியிட்டது. 1996இல் நம்மூருக்கு வந்து, சென்னை - பெங்களூரு நெடுஞ்சாலையோரம் இருங்காட்டுக்கோட்டையில் ஆலைக்கு இடம் பிடித்தது. எந்த இடம் என்பதைக் கவனியுங்கள். ஒரு பக்கம் துறைமுகம், மறு பக்கம் உள்நாட்டுச் சந்தை, நடுவில் நெடுஞ்சாலை. பூசான் சாலையில் கற்ற பாடத்தின் சாயல் அந்தத் தேர்வில் எனக்குத் தெரிகிறது.

சாலை போடும் வேலையே ஒரு நாட்டுக்குத் தொழில் கற்றுக்கொடுக்கும் பள்ளி என்பதும் இதிலிருந்து கிடைக்கும் செய்தி. மண்ணை அழுத்தும் முறை, சிமென்ட் தரம், கணக்கு வைக்கும் ஒழுங்கு, துணை ஒப்பந்ததாரர்களை வேலை வாங்கும் விதம், இவையெல்லாம் சாலை முடிந்த பிறகும் அந்த மக்களிடமே தங்கிவிடுகின்றன. வெளிநாட்டு நிறுவனம் வந்து தன் ஆட்களையும் இயந்திரங்களையும் வைத்துச் சாலையை முடித்துக்கொடுத்துவிட்டுப் போகும் நாடுகளில் இந்தச் செல்வம் சேர்வதில்லை.

கொரியக் கதையில் இன்னொரு செய்தி. கொரிய நெடுஞ்சாலைக் கழகம் 1969 பிப்ரவரியில் அமைக்கப்பட்டது. சாலை திறப்பதற்கு ஓராண்டுக்கு மேல் முன்னதாக. சுங்கம் வசூலிக்கவும் சாலையைப் பராமரிக்கவும் பொறுப்பான ஓர் அமைப்பு, தார் காய்வதற்கு முன்பே நாற்காலி போட்டு உட்கார்ந்துவிட்டது. நல்ல காலம் அது. அவசரத்தில் போட்ட தளத்தைச் சில ஆண்டுகளுக்குள்ளேயே பெரிய அளவில் பழுதுபார்க்க வேண்டியதாயிற்று. பழுதுபார்க்க ஆளும் பணமும் இருந்தன. அதனால் சாலை நிலைத்தது.

சாலை எல்லோருக்கும் ஒரே மாதிரி நன்மை செய்வதில்லை என்பதையும் கொரியாவே காட்டுகிறது. சியோல் - பூசான் தடம் நாட்டின் தென்கிழக்கை உயர்த்தியது. தென்மேற்கே ஹோனாம் வட்டாரத்துக்கும் 1973க்குள் விரைவுச்சாலை போய்விட்டது. ஆனால் ஆலைகள் அதே அளவில் போகவில்லை. அந்த ஏற்றத்தாழ்வு தந்த மனக்கசப்பு கொரிய அரசியலில் நெடுங்காலம் நீடித்தது.

சீனாவில் இது இன்னும் கூர்மையாகத் தெரிந்தது. 1988இல் ஷாங்காயிலிருந்து ஜியாதிங்குக்கு 20 கிலோமீட்டருக்கும் குறைவான நீளத்தில் முதல் விரைவுச்சாலை திறந்த நாடு அது. இன்று உலகிலேயே நீளமான விரைவுச்சாலை வலை அங்கேதான், 1,80,000 கிலோமீட்டருக்கு மேல். முதலில் பெரு நகரங்களை இணைத்தபோது வழியில் கிடந்த சிறு மாவட்டங்களும் தற்செயலாகச் சாலை பெற்றன. அந்த மாவட்டங்கள் என்னவாயின என்று பென்ஜமின் ஃபேபர் என்ற பொருளியலாளர் ஆராய்ந்தார். சாலை கிடைக்காத ஒத்த மாவட்டங்களைவிட அவற்றின் தொழில் வளர்ச்சி குறைந்திருந்தது. சாலை இரு திசையிலும் ஓடும். நகரத்து ஆலையின் மலிவான சரக்கு உள்ளூர்ப் பட்டறையின் வாசலுக்கே வந்தால் பட்டறை மூடிக்கொள்கிறது. நாடு மொத்தமாக வளர்கிறது, அந்த மாவட்டம் தேய்கிறது. இதைச் சொன்னால் சாலைக்கு எதிரி என்று சிலர் முத்திரை குத்துகிறார்கள். நான் சாலையின் பக்கம் நிற்பவன். நிற்பதால்தான் யார் இழக்கிறார்கள் என்று முன்கூட்டியே கேட்டுவிட வேண்டும் என்கிறேன்.

இந்தியாவில் இரு பெரும் திட்டங்கள் இரு வேறு விடைகளைத் தந்தன. டெல்லி, மும்பை, சென்னை, கொல்கத்தா நகரங்களை இணைத்த 5,846 கிலோமீட்டர் தங்க நாற்கரச் சாலையின் இருபுறமும், பத்து கிலோமீட்டருக்குள், ஆலைகளும் உற்பத்தியும் பெருகியதை ஆய்வுகள் உறுதி செய்கின்றன. சரக்கு எப்போது வரும் என்று தெரிந்தவுடன் ஆலைகள் கிடங்கில் மூலப்பொருளைக் குவித்து வைப்பதையும் குறைத்துக்கொண்டன. கிடங்கில் முடங்கியிருந்த பணம் வெளியே வந்தது. 2000 டிசம்பரில் தொடங்கிய பிரதமரின் கிராமச் சாலைத் திட்டம் ஆறு லட்சம் கிலோமீட்டருக்கும் மேல் போட்டிருக்கிறது. அதை ஆராய்ந்த சாம் ஆஷர், பால் நோவோசாத் இருவரும் கண்டது வேறு. சாலை வந்த கிராமங்களில் விவசாய விளைச்சலோ வருமானமோ சொத்தோ பெரிதாக மாறவில்லை. மக்கள் வயலை விட்டு வெளியூர்க் கூலி வேலைக்குப் போகத் தொடங்கியிருந்தார்கள். நடுநிலைப் பள்ளிச் சேர்க்கை கூடியது என்று அவர்களே அஞ்சலி அடுகியாவுடன் சேர்ந்து எழுதிய இன்னொரு கட்டுரையில் காட்டினார்கள்.

இதைத் தோல்வி என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. வயலைத் தவிர வேறு போக்கிடம் இல்லாதவருக்குப் போக ஒரு வழி கிடைப்பது பெரிய காரியம். ஆனால் அந்த வழியில் பேருந்து ஓட வேண்டும். தமிழ்நாட்டில் கிராமச் சாலை முடிந்ததும் ஊர்க்காரர்களின் அடுத்த மனு பேருந்துக்குத்தான் போகும். காலையில் ஒரு நடை, மாலையில் ஒரு நடை என்று கேட்பார்கள். சாலையின் பொருளாதாரத்தை அவர்கள் சரியாகவே புரிந்துவைத்திருக்கிறார்கள்.

இனி அந்த இரண்டாவது வரிசை எண்கள். சாலை ஏன் கெடுகிறது?

இரண்டு எதிரிகள்: தண்ணீர், பளு. தண்ணீரைப் பற்றிச் சாலைப் பணியாளர் எவரைக் கேட்டாலும் சொல்வார். பக்கவாட்டு வடிகால் மண்மூடிப்போனால் மழைநீர் தளத்துக்கு அடியில் இறங்கி ஜல்லியைத் தளர்த்திவிடும். மேலே தார் பளபளப்பாக இருக்கும்போதே உள்ளே வேலை முடிந்திருக்கும். மண்வெட்டியோடு ஒருவர் மழைக்கு முன் வடிகாலைத் தூர்வாரினால் காப்பாற்றியிருக்கக்கூடிய சாலைக்குப் பிறகு கோடிகள் செலவாகின்றன.

பளுவைப் பற்றி நமக்குத் தெரிந்ததில் பெரும்பகுதி, அமெரிக்காவின் இல்லினாய் மாநிலத்தில் ஒட்டாவா என்னும் ஊருக்கருகே நடந்த ஒரு சோதனையிலிருந்து வந்தது. 1958 முதல் 1960 வரை இரண்டு ஆண்டுகள், ராணுவ ஓட்டுநர்கள் வெவ்வேறு பளு ஏற்றிய லாரிகளை வளையச் சாலைகளில் திரும்பத் திரும்ப ஓட்டினார்கள். கிடைத்த முடிவு: அச்சின் பளு கூடும்போது சேதம் ஏறக்குறைய அதன் நான்காம் அடுக்கில் கூடுகிறது. பத்து டன் தாங்கும் அச்சில் பன்னிரண்டு டன் ஏற்றினால் பளு ஐந்தில் ஒரு பங்குதான் கூடுகிறது, சேதம் இரு மடங்காகிறது. இருபது டன் ஏற்றினால் பதினாறு மடங்கு. அரை டன் அச்சுள்ள ஒரு சிறிய காரோடு ஒப்பிட்டால், பத்து டன் அச்சு ஒரு தடவை உருள்வது அந்தக் கார் அச்சு 1,60,000 தடவை உருள்வதற்குச் சமம். ஓவர்லோடு லாரியை எடைமேடையில் பிடிக்காமல் விடும் அலட்சியத்தின் விலை இது. லாரி உரிமையாளருக்கு ஒரு நடைக்குச் சில ஆயிரம் லாபம். செலவு மொத்தமும் ஊர்ச் சொத்தில்.

1994ஆம் ஆண்டு உலக வளர்ச்சி அறிக்கையில் ஒரு கணக்கு உண்டு. அதற்கு முந்தைய பத்தாண்டில் ஆப்பிரிக்க நாடுகள் உரிய நேரத்தில் 1,200 கோடி டாலர் பராமரிப்புக்குச் செலவிட்டிருந்தால், சாலைகளை மறுபடி கட்ட ஆகும் 4,500 கோடி டாலர் மிஞ்சியிருக்கும். இதைப் படித்தபோது எனக்குக் கோபம்தான் வந்தது. அந்த மக்கள் உழைத்துச் சேர்த்த பணம் அது. சாலை கெட்டதால் உடைந்த ஸ்பிரிங், தேய்ந்த டயர், வீணான டீசல், அழுகிய தக்காளி ஆகியவற்றின் விலை இதில் சேரவில்லை.

தெரிந்தும் ஏன் செய்வதில்லை? புதுச் சாலைக்குத் திறப்பு விழா உண்டு, கல்வெட்டில் பெயர் உண்டு. தூர்வாரிய வடிகாலுக்கு இரண்டும் கிடையாது. புதுச் சாலைக்கு வெளிநாட்டுக் கடன் கிடைக்கும், பராமரிப்புக்கு உள்ளூர் வரிப்பணம்தான். புதுச் சாலையைத் தன் ஆட்களுக்குக் கொடுக்கலாம். கென்யாவின் 1963க்குப் பிந்தைய சாலைச் செலவை ராபின் பர்ஜெஸ் குழுவினர் ஆராய்ந்தார்கள். அதிபரின் இனத்தார் பெரும்பான்மையாக வாழும் மாவட்டங்களுக்கு மக்கள்தொகை விகிதத்தைவிட இரு மடங்கு சாலைச் செலவும், ஐந்து மடங்கு நீளத் தளமிட்ட சாலையும் போயிருந்தன. பல கட்சி ஆட்சி இருந்த காலங்களில் இந்தச் சாய்வு மறைந்துபோகிறது. தேர்தலும் கேள்வி கேட்கும் சட்டமன்றமும் ஜல்லி, தார் போலவே சாலைக்கு வேண்டிய பொருள்கள் என்று இதற்குப் பிறகு நான் நம்பத் தொடங்கினேன்.

இங்கிலாந்து இந்தச் சிக்கலை முந்நூறு ஆண்டுகளுக்கு முன் ஒரு விதத்தில் தீர்த்தது. 1555ஆம் ஆண்டுச் சட்டப்படி ஊர்ச் சாலையைப் பழுதுபார்ப்பது அந்தந்த ஊராரின் கடமை. ஆண்டுக்கு நான்கு நாள், பிறகு ஆறு நாள், கூலியில்லாமல் உழைக்க வேண்டும். லண்டனுக்குப் போகும் கனத்த வண்டிகள் உழுதுபோட்ட சாலையை வழியிலுள்ள ஏழை ஊரார் சரிசெய்ய வேண்டியிருந்தது. அவர்கள் மனமில்லாமல் செய்தார்கள், சாலை சேறாகவே கிடந்தது. 1663 முதல், சாலையைப் பயன்படுத்துகிறவரிடமே சுங்கம் வாங்கும் முறை வந்தது. 1830களில் சுமார் ஆயிரம் சுங்க அறக்கட்டளைகள் 30,000 கிலோமீட்டருக்கும் மேற்பட்ட சாலைகளைப் பார்த்துக்கொண்டிருந்தன. அவற்றுள் பெரும்பாலானவை இருந்த சாலையைச் செப்பனிடவே அமைந்தவை. லண்டனிலிருந்து எடின்பரோ போக 1750களில் பத்து நாளுக்கு மேல் ஆனது, 1830களில் இரண்டு நாளுக்குள் போய்விட்டார்கள். குதிரை அதே குதிரைதான். சுங்கம் ஏழைகளை அழுத்தியதும் உண்டு. 1839 முதல் 1843 வரை வேல்ஸ் விவசாயிகள் சுங்கச்சாவடிகளை உடைத்தார்கள். அவர்கள் கோபத்தில் நியாயம் இருந்தது.

நம் காலத்தில் இந்த வேலையை எரிபொருள் வரி செய்துவருகிறது. சாலைக்கென்று தனி நிதி, அதற்குப் பெட்ரோல், டீசல் மீது ஒரு தீர்வை. அமெரிக்கா 1956லும், கென்யா 1993லும், இந்தியா 2000லும் சட்டப்படி இதைச் செய்தன. எனக்குப் பிடித்த ஏற்பாடு இது. ஆனால் இதற்கும் ஆயுள் முடிந்துவருகிறது. மின்சார வண்டி டீசல் குடிப்பதில்லை. மின்கலத்தின் எடையால் அதே அளவுப் பெட்ரோல் வண்டியைவிடக் கனமாகவும் இருக்கிறது.

நியூசிலாந்து வேறு வழியில் போயிருக்கிறது. டீசல் வண்டிகளுக்கு அங்கே 1978 முதலே ஓடிய தூரத்தையும் எடையையும் வைத்துக் கட்டணம். கனத்த லாரிக்கு அச்சுகளின் எண்ணிக்கையும் கணக்கில் வரும். ஒரே எடையை அதிக அச்சுகளில் பகிர்ந்தால் கட்டணம் குறையும், சாலைக்கும் சேதம் குறையும். ஒட்டாவா சோதனை சொன்னது அங்கே கட்டணப் பட்டியலாகவே மாறியிருக்கிறது. 2024 ஏப்ரல் முதல் மின்சாரக் கார்களும் அதற்குள் வந்துவிட்டன.

நம் கிராமச் சாலைத் திட்டத்தில், போட்ட ஒப்பந்ததாரரே ஐந்து ஆண்டு பராமரிக்க வேண்டும். அதன் பிறகு பொறுப்பு மாநிலத்துடையது. ஆறாம் ஆண்டில் எந்தச் சாலைக்கு எவ்வளவு, அது எந்த நிதியிலிருந்து என்று ஊராட்சி அலுவலகப் பலகையில் எழுதி வைக்க வேண்டும் என்பது என் கோரிக்கை. சட்டமன்ற உறுப்பினர்கள் நிதிநிலை அறிக்கை விவாதத்தில் புதுச் சாலை கேட்பதற்கு முன் இந்தப் பட்டியலைக் கேட்கட்டும். இங்கு வந்திருக்கும் பொறியியல், பொருளியல் மாணவர்கள் தங்கள் ஊர்ச் சாலை ஒன்றை எடுத்துக்கொண்டு, போட்ட ஆண்டு, போட்ட செலவு, அதன்பின் ஆண்டுதோறும் ஆன பராமரிப்புச் செலவு ஆகிய மூன்றையும் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் கேட்டு வாங்கலாம். விண்ணப்பக் கட்டணம் பத்து ரூபாய்தான்.